பேஸ்பால் ஆட்டத்தில் அரை மணி நேரம் எங்கே போனது?

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டங்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தன, இப்போது இரண்டரை மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடுகின்றனவே, எதை வெட்டினார்கள், இன்னிங்ஸைக் குறைத்துவிட்டார்களா, சுவை கெட்டுப்போகவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இன்னிங்ஸ் இன்னும் ஒன்பதுதான். இன்னிங்ஸுக்கு ஓர் அணிக்கு மூன்று அவுட் என்பதும் மாறவில்லை. வெட்டியது ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே போய்க்கொண்டிருந்த நேரத்தை மட்டும்தான். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த இடத்தில் கைவைப்பதற்கு முன் அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் லீக்கான மேஜர் லீக் வேறு என்னென்னவோ செய்து பார்த்தது. அவை ஏன் பலிக்கவில்லை, இது மட்டும் ஏன் பலித்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 1970களின் நடுவில் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்தது. 2014இல் அது 3 மணி 2 நிமிடம். 2021இல் 3 மணி 10 நிமிடம், அதுதான் உச்சம். அந்த ஒரு சீசனில் மட்டும் மூன்றரை மணி நேரத்தைத் தொட்ட, தாண்டிய ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டங்கள் 391. 2023இல் பந்து எறிவதற்கு நேர வரம்பு வைக்கும் பிட்ச் கிளாக் என்ற கடிகாரம் வந்தது. சராசரி சுமார் 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கியது. மூன்றரை மணி நேர ஆட்டங்கள் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டன, வெறும் 9. அடுத்த ஆண்டு சராசரி 2 மணி 36 நிமிடம். இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். நியூயார்க்கில் இரவு 7 மணி ஆட்டம் என்றால் கோடையில் நமக்கு அதிகாலை 4:30. முன்பெல்லாம் அலுவலகம் கிளம்பும் நேரத்தில் எட்டாவது இன்னிங்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது ஏழேகாலுக்கெல்லாம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் குளிக்கப் போகலாம்.

சரி, ஆட்டம் ஏன் அவ்வளவு இழுத்தது? பேட்டர்கள்மேல் பழி போடுவது எல்லோருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. அதில் நியாயமும் உண்டு. 1970களில் ஆடிய மைக் ஹார்க்ரோவ் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கையுறையைச் சரிசெய்து, சட்டையை இழுத்து, ஹெல்மெட்டைத் தொட்டுப் பார்த்து நிற்பார். மழையால் ஆட்டம் நின்றதுபோல இருக்கிறதே என்று அவருக்கு அப்படியே ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். பிற்பாடு பாஸ்டன் அணியின் நோமார் கார்சியாபாரா கையுறைப் பட்டையை மாற்றி மாற்றி இழுப்பதைப் பார்த்து சிறுவர்கள் தெருவில் நடித்துக் காட்டுவார்கள். விளையாட்டாகத் தெரிந்தாலும், ஒருவர் செய்வதை எல்லோரும் செய்ய ஆரம்பித்தால் என்னவாகும்?

ஆனால் பெரிய காரணம் பந்தை எறியும் பிட்சர்கள் பக்கம் இருக்கிறது என்பது என் கருத்து. 2008 வாக்கில் ஃபாஸ்ட்பால் என்ற வேகப்பந்தின் சராசரி வேகம் மணிக்கு 92 மைல். 2023இல் 94ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு பந்தையும் முழு மூச்சில் எறிபவர் மூச்சு வாங்க நேரம் எடுத்துக்கொள்ளத்தான் செய்வார். எடுத்துக்கொள்ளாதே என்று சொல்ல யாரும் இல்லை. அப்புறம் சைகைத் திருட்டு பயம். ரன்னுக்காக ஓடுபவர் வரிசையாகத் தொடவேண்டிய இடங்கள்தான் பேஸ். இரண்டாவது பேஸில் எதிரணி ரன்னர் நின்றால், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர் எந்த வகைப் பந்தை எறிய வேண்டும் என்று விரலால் காட்டும் சைகையை அவர் நேராகப் பார்த்துவிடலாம். அதனால் ஒரே சைகைக்குப் பதில் நாலைந்து சைகை, அதில் எது உண்மை என்று முன்பே பேசி வைத்த சூத்திரம், பிட்சருக்குக் குழம்பிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2017இல் கேமரா வைத்துச் சைகை திருடியது 2019இல் வெளியே வந்த பிறகு இந்த பயம் இன்னும் முற்றியது. 2022இல் பிட்ச்காம் என்ற கருவியை அனுமதித்தார்கள். கேட்சர் பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும். கடிகாரத்தைப் பற்றி எழுதுபவர்கள் இந்தக் கருவியை மறந்துவிடுகிறார்கள். இது முந்தைய ஆண்டே வந்திராவிட்டால் 15 நொடிக்குள் பந்து எறியச் சொன்னதும் பாதிப் பேர் சைகை புரியாமல் விழித்திருப்பார்கள்.

ராப் மேன்ஃப்ரெட் 2015 ஜனவரியில் லீக்கின் தலைமைப் பொறுப்பான கமிஷனராக வந்ததிலிருந்தே வேகம் வேகம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டே பேட்டர் ஒரு காலையாவது பேட்டிங் கட்டத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்றார்கள், மீறினால் 500 டாலர் வரை அபராதம் என்றார்கள். சராசரி 2 மணி 56 நிமிடத்துக்கு இறங்கியது. 2017இல் 3 மணி 5 நிமிடம், ஏறிய இடத்துக்கே ஏறிவிட்டது. பல மில்லியன் டாலர் சம்பளம் வாங்குபவரை 500 டாலர் என்ன செய்யும்? 2017இல் வேண்டுமென்றே பேட்டரை முதல் பேஸுக்கு இலவசமாக நடக்கவிடுவதற்கு நாலு பந்து வீணாக எறிய வேண்டியதில்லை, கைகாட்டினால் போதும் என்றார்கள். 2018இல் பயிற்சியாளரும் கேட்சரும் பிட்சரிடம் போய்ப் பேசுவதை ஆட்டத்துக்கு ஆறு முறை என்று கட்டுப்படுத்தினார்கள். 2020இல் புதிதாக வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்காவது, அல்லது அந்த அரை இன்னிங்ஸ் முடியும் வரையாவது எறிய வேண்டும் என்றார்கள். இதெல்லாம் வந்த பிறகுதான் 2021இல் 3 மணி 10 நிமிடம்!

கண்ணுக்கு எரிச்சலூட்டுவதையெல்லாம் தேடித் தேடிப் பிடித்தார்கள். பிட்சர் மேட்டில் நாலு பேர் கூடி வாயைக் கையுறையால் மூடிக்கொண்டு பேசினால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் அது ஓர் ஆட்டத்தில் ஏழெட்டு முறை நடக்கிற விஷயம். பந்தோ இரு அணிகளும் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் கிட்டத்தட்ட 300 எறியப்படுகிறது. பந்துக்கு ஆறு நொடி மிச்சம் பிடித்தால் 1,800 நொடி, அதாவது அரை மணி நேரம். இவ்வளவு எளிய பெருக்கலை முதலிலேயே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போடாமல் இல்லை. பேஸில் ஆள் இல்லாதபோது 12 நொடிக்குள் எறிய வேண்டும் என்று விதிப்புத்தகத்திலேயே வெகுகாலமாக இருந்தது. எந்த அம்பயரும் அதை எண்ணிக்கொண்டு நிற்கவில்லை. ஒருவர் எண்ணி, இன்னொருவர் எண்ணாமல் விட்டால் சண்டைதான் வரும்.

ஆகவே எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் ஒரு கடிகாரம். 2014இல் அரிசோனாவில் இளம் வீரர்களுக்கான இலையுதிர்காலத் தொடரில் முதலில் வைத்துப் பார்த்தார்கள். 2015இல் கீழ்நிலை லீக்குகளின் மேல் இரண்டு அடுக்குகளுக்கு வந்தது. 2022இல் கீழ்நிலை லீக்குகள் முழுவதும் கறாராக அமல்படுத்தியபோது ஆட்டம் சுமார் 25 நிமிடம் குறைந்தது. அதன் பிறகுதான் மேஜர் லீக் துணிந்தது. 2022 செப்டம்பரில் இதை முடிவுசெய்த குழுவில் உரிமையாளர் தரப்பில் ஆறு பேர், வீரர்கள் நாலு பேர், அம்பயர் ஒருவர். வீரர்கள் நாலு பேரும் எதிர்த்து வாக்களித்தார்கள். எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரியும், அது போதாது.

2023இல் வந்த விதி இதுதான். பேஸ் காலியாக இருந்தால் பிட்சர் 15 நொடிக்குள் எறியத் தொடங்க வேண்டும், ஆள் இருந்தால் 20 நொடி (2024இலிருந்து 18). கடிகாரம் 8ஐக் காட்டும்போது பேட்டர் கட்டத்துக்குள் தயாராக, பிட்சரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பிட்சர் தவறினால் தானாகவே ஒரு பால் (நாலு சேர்ந்தால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம்), பேட்டர் தவறினால் தானாகவே ஒரு ஸ்டிரைக் (மூன்று சேர்ந்தால் அவுட்). முன்பு போட்ட அபராதத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். அபராதக் கடிதம் ஆட்டம் முடிந்து சில நாள் கழித்து வரும். இந்தத் தண்டனை அந்த நொடியிலேயே ஸ்கோர்போர்டில் விழுகிறது, சக வீரர்கள் முறைக்கிறார்கள்.

இதை வடிவமைத்தவர்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது ஓட்டைகளை அடைத்த விதத்தைப் பார்த்துத்தான். யோசித்துப் பாருங்கள், கடிகாரம் முடியப்போகிறது என்றால் பேட்டர் என்ன செய்வார்? கையைத் தூக்கி டைம் கேட்பார். அதனால் ஒரு பேட்டிங்குக்கு ஒரே ஒரு டைம்தான் என்றார்கள். பிட்சர் என்ன செய்வார்? மேட்டிலுள்ள ரப்பர் பலகையிலிருந்து காலை எடுப்பார், அல்லது முதல் பேஸில் நிற்கும் ரன்னரைப் பிடிப்பதுபோல அங்கே ஒரு பந்தை எறிவார். கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். அதற்கும் ஒரு பேட்டருக்கு இரண்டு முறைதான் என்று வரம்பு. மூன்றாவது முறை எறியலாம், தடையில்லை. ஆனால் ரன்னர் அவுட் ஆகாவிட்டால் பால்க், அதாவது பேஸிலுள்ள எல்லோரும் இலவசமாக ஒரு பேஸ் முன்னேறுவார்கள். நேரத்தைக் காப்பதற்காகப் போட்ட இந்தச் சின்ன வரம்பு ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிப்ரவரி 2023இல் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கியதும் வேடிக்கை ஆரம்பமானது. ஃபுளோரிடாவில் அட்லாண்டாவும் பாஸ்டனும் மோதிய ஆட்டம். ஸ்கோர் 6-6, ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி, இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள், பேட்டருக்கு மூன்று பால் இரண்டு ஸ்டிரைக். இதைவிடப் பரபரப்பான நிலை பேஸ்பாலில் கிடையாது. அட்லாண்டாவின் கால் கான்லி மட்டையோடு நிற்கிறார், எதிரே கேட்சர் இன்னும் உட்காரக்கூட இல்லை. அம்பயர் குறுக்கே வந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறார். தவறு பிட்சருடையது, தனக்கு நாலாவது பால், மூன்றாவது பேஸில் நிற்பவர் ரன் எடுத்து ஆட்டம் ஜெயித்தாயிற்று என்று நினைத்து கான்லி முதல் பேஸை நோக்கிக் கிளம்பினார். தவறு அவருடையது. தயாராக நிற்கவில்லை, மூன்றாவது ஸ்டிரைக், அவுட். ஆட்டம் டையில் முடிந்தது, அரங்கில் இருந்தவர்கள் கத்தித் தீர்த்தார்கள். இப்படித்தான் லீக்கின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் முடியப்போகிறதா என்று மறுநாள் எல்லோரும் புலம்பினார்கள்.

அப்படி ஆகவில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் கடிகாரத்தைப் பழிக்கும் கட்டத்தைத் தாண்டி அதை ஆயுதமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது அந்தப் பயிற்சி ஆட்டங்களிலேயே தெரிந்தது. பிட்சர் மேக்ஸ் ஷெர்சர் பந்தைப் பிடித்துக்கொண்டு பேட்டரைக் காக்கவைத்துப் பார்த்தார். பேட்டர் தன் ஒரே டைமைச் செலவழித்ததும், இனி நீ தப்ப முடியாது என்று வேகத்தை மாற்றி மாற்றி எறிந்தார். ஒருமுறை அம்பயர் ஆட்டத்தைத் தொடங்கிய நொடியிலேயே எறியப்போய் பால்க் வாங்கினார். மார்ச் 30, சீசனின் முதல் நாள், முதல் மீறல் சிகாகோ கப்ஸ் பிட்சர் மார்கஸ் ஸ்ட்ரோமனுக்கு. அதே நாளில் பாஸ்டனின் ரஃபேல் டெவர்ஸ் கடிகாரத்தால் ஸ்டிரைக் அவுட் ஆன முதல் ஆளானார். சில நாளில் சான் டியேகோவின் மானி மச்சாடோ இதற்காக அம்பயரிடம் சண்டைபோட்டு வெளியேற்றப்பட்டார். அப்புறம் பழகிவிட்டது. கீழ்நிலை லீக்குகளில் கடிகாரத்தோடு வளர்ந்து வந்த இளைஞர்களுக்கு இது ஒரு விஷயமாகவே இல்லை.

இப்போது அந்த இரண்டு எறி வரம்பு. பிட்சர் இரண்டு முறை முதல் பேஸுக்கு எறிந்துவிட்டார் என்றால், மூன்றாவது எறியத் தயங்குவார் என்பது ரன்னருக்குத் தெரியும். ஓரடி கூடுதலாக முன்னே வந்து நிற்பார். அதோடு கடிகாரமும் அவருக்கு உதவுகிறது, நொடி குறையக் குறையப் பிட்சர் எப்போது எறிவார் என்பதை ஊகிக்க முடிகிறது. அதே ஆண்டில் பேஸின் பக்க அளவையும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள், ஓடவேண்டிய தூரம் சில அங்குலம் குறைந்தது. பிட்சர் எறியும்போதே ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதைத்தான் பேஸ் திருட்டு என்பார்கள். 2022இல் திருடிய பேஸ்கள் 2,486. 2023இல் 3,503. ஐந்து முயற்சியில் நான்கு வென்றது. அட்லாண்டாவின் ரொனால்ட் அக்குன்யா 41 ஹோம் ரன்னும் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) 73 திருட்டும் ஒரே சீசனில் செய்தார், 40 ஹோம் ரன்னோடு 70 திருட்டு என்ற கணக்கை அதற்கு முன் யாரும் தொட்டதில்லை. நேரம் குறைந்தது ஒரு பக்கம், ஓட்டம் திரும்பி வந்தது இன்னொரு பக்கம். எனக்கு இரண்டாவதுதான் பெரிய லாபமாகப் படுகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஹோம் ரன், ஸ்டிரைக் அவுட், வாக் (நாலு பாலுக்கு முதல் பேஸ்) என்று நின்ற இடத்திலேயே நடந்த ஆட்டம் மறுபடி காலால் ஆடப்பட்டது. அரங்குக்கு வந்தவர்களும் 2022இன் 6.45 கோடியிலிருந்து 7 கோடியைத் தாண்டினார்கள்.

சுவை கெட்டதா என்ற கேள்விக்கு வருகிறேன். முழுக்க இல்லை என்று சொல்ல மாட்டேன். பந்துக்கும் பந்துக்கும் நடுவே கதை சொல்வது பேஸ்பால் வர்ணனையின் உயிர். டாட்ஜர்ஸ் அணிக்கு 67 ஆண்டுகள் வர்ணனை செய்து 2016இல் ஓய்வுபெற்ற வின் ஸ்கல்லி, ஒரு வீரரின் தாத்தா கதையில் தொடங்கி மூன்று பந்துக்குப் பின் முடிப்பார். 15 நொடியில் அந்தக் கதைக்கு இடமில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் பிட்சரும் பேட்டரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்கும் அந்தப் பதற்றமும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கடைசி இரண்டு இன்னிங்ஸுக்காவது கடிகாரத்தைத் தளர்த்தலாம் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

விளம்பர இடைவேளையை அவர்கள் பெரிதாகத் தொடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரை இன்னிங்ஸ் மாறும்போதெல்லாம் இரண்டு நிமிடத்துக்கு மேல், ஆட்டத்துக்கு 17 முறை வரை. அதுவே அரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. வீரர்களை விரட்டுகிறீர்கள், விளம்பரதாரரை விரட்டவில்லையே என்ற முணுமுணுப்பில் நியாயம் உண்டு. இன்னொரு கூத்து, ஆட்டம் சீக்கிரம் முடிவதால் பீர் விற்பனை குறையுமே என்று சில அணிகள், வழக்கமாக ஏழாவது இன்னிங்ஸோடு நிறுத்துவதை எட்டாவது வரை நீட்டின.

ஓய்வு குறைந்தால் பிட்சர்களுக்குக் காயம் வரும் என்ற வாதம்தான் உண்மையில் கனமானது. 2023 சீசன் போகப் போக வீரர்கள் கடிகாரத்தை மெல்லப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் ஆட்டம் ஏழு நிமிடம் நீண்டது. உடனே 2024க்கு ஆள் இருக்கும்போதான 20 நொடியை 18 ஆக்கிவிட்டார்கள். அந்த ஏப்ரலில் ஷேன் பீபர், ஸ்பென்சர் ஸ்டிரைடர் என்று முன்னணிப் பிட்சர்களின் முழங்கை அடுத்தடுத்துப் போனதும் வீரர்கள் சங்கத்தின் டோனி கிளார்க், ஓய்வு நேரத்தைக் குறைத்ததன் விளைவைப் பற்றிய எங்கள் கவலையை மதிக்காமல் மாற்றினீர்கள் என்று அறிக்கை விட்டார். லீக் மறுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் லீக் வெளியிட்ட ஆய்வறிக்கை, வேகத்தைத் துரத்துவதும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தில் எறிவதும்தான் முக்கியக் காரணம் என்றது. லீக் தன் விதியைத் தானே குற்றம் சொல்லுமா என்று கேட்கலாம். ஆனாலும் முழங்கை அறுவைச் சிகிச்சைகள் கடிகாரம் வருவதற்கு வெகுமுன்பே ஏறிக்கொண்டிருந்தன என்பது உண்மை. வேகம்தான் முதல் குற்றவாளி என்று நானும் நினைக்கிறேன். ஆனால் ஒரு வருடம்கூட நிதானித்துப் பார்க்காமல் அந்த இரண்டு நொடியைப் பிடுங்கியது தேவையில்லாத அவசரம்.

கிரிக்கெட்டில் இதைச் செய்யலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கொஞ்சம் செய்துவிட்டார்கள். ஒருநாள், இருபது ஓவர் சர்வதேச ஆட்டங்களில் ஓவருக்கு இடையே 60 நொடிக் கடிகாரம் 2023 டிசம்பரில் சோதனையாக வந்து 2024இல் நிலைத்துவிட்டது. இரண்டு எச்சரிக்கை, மூன்றாவது முறை எதிரணிக்கு ஐந்து ரன். ஓவர் வேகம் குறைந்ததற்காக ஆட்டம் முடிந்தபின் கேப்டனுக்கு அபராதம் போட்டு ஒன்றும் நடக்காததைப் பார்த்த பிறகுதான் இங்கேயும் களத்திலேயே தண்டனை வந்தது. கடிகாரம் கறாராக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் சாட்சி. 2023 நவம்பரில் டெல்லியில் ஹெல்மெட் வார் அறுந்து, வங்கதேசத்துக்கு எதிராக டைம்டு அவுட் ஆனார். சர்வதேச கிரிக்கெட்டில் அப்படி அவுட் ஆன முதல் ஆள். கான்லியைப் போலவே அவருக்கும் நடந்தது புரிய நேரம் பிடித்தது. ஒரு வித்தியாசம் உண்டு. பேஸ்பாலில் அம்பயர் தானாகவே கொடுத்துவிடுவார், யாரும் அப்பீல் செய்ய வேண்டாம். அதனால் எதிரணி கேப்டனைத் திட்டவும் வழியில்லை.

கொரிய லீக் 2025இல் பிட்ச் கிளாக்கை முறையாகக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஆள் இல்லாதபோது 20 நொடி, இருந்தால் 25 என்று வைத்தார்கள், அமெரிக்காவைவிடத் தாராளம். ஜப்பான் லீக் அந்த ஆண்டு வரை வேண்டாம் என்றுதான் இருந்தது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறீர்கள் என்றால் முதல் பேஸில் வேகமான ரன்னர் நிற்கும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். பிட்சர் எத்தனை முறை அங்கே எறிந்தார் என்று எண்ணுங்கள். இரண்டு ஆகிவிட்டால் பேட்டரை விட்டுவிட்டு ரன்னரின் காலையும் கடிகாரத்தையும் மட்டும் பாருங்கள், நொடி குறையக் குறைய அவர் கிளம்பிவிடக்கூடும்.